இரட்டைக்கோடு வெங்காயம்

எங்கப்பா சாந்திநாதன் நயினார் ஒரு வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டுட்டார்னா, அந்த வீட்டுக்கு அவர் சர்டிபிகேட் குடுத்துட்டார்னு அர்த்தம். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்க ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும். நாங்க சமணக் குடும்பம். வெங்காயம் தொட மாட்டார். பூண்டுன்னா மூஞ்சியைத் திருப்பிப்பார். உருளைக்கிழங்கு, கேரட்டு, முள்ளங்கி எதுவும் கிடையாது. பொழுது சாஞ்சா சாப்பாடே கிடையாது. மண்ணுக்குள்ள விளையறதுல மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, மட்டும் எங்க வீட்டுல மன்னிப்பு உண்டு, ஏன்னா எங்க நிலத்துல விளையறதே அதுதான்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவர் சிரிக்க மாட்டார். அது கொட்டை, கிழங்கு இல்லைன்னு பொறுமையா விளக்குவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன்கிட்ட போய், "அப்பா, நான் மாறனைக் கட்டிக்கறேன்"னு சொன்னேன். மாறன் எங்க ஜனம் கிடையாது. அதைக்கூட அவர் ஒரு மாதிரி முழுங்கிட்டார். ஆனா மாறனோட அம்மா காசியம்மாள் திருவண்ணாமலையில கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கறவங்கன்னு சொன்னதும் மனுஷன் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நிலத்துக்குப் போயிட்டார். அவரைப் பொறுத்தவரைக்கும் நான் நேரா வெங்காய மண்டியில வாழப் போறேன். அதுக்கப்புறம் கொஞ்ச நாள் என்கிட்ட பேசவே இல்லை. எங்கம்மா கனகலதாதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா அவரைக் கரைச்சு, கடைசியில ஒரு வாக்கியம் வாங்கினாங்க.

"அந்த வீட்டுல ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கறேன். அப்புறம் சொல்றேன்."

அவ்வளவுதான். என் கல்யாணம் மொத்தமும் ஒரு மத்தியானச் சாப்பாட்டுல வந்து நின்னுடுச்சு. அந்தச் சாப்பாட்டை நாசம் பண்ணது யாருன்னு கேளுங்க. சமையல்காரர் இல்லை, மாமியார் இல்லை. நான் எழுதின ப்ரோக்ராம்.

நானும் மாறனும் ஒரே கம்பெனியில ப்ரோக்ராம் எழுதறவங்க. ஆபீசு பெங்களூர்ல, நாங்க இங்க. செங்கம் ரோட்டுல ஆசிரமம் தாண்டி ஒரு மாடி ரூமை வாடகைக்கு எடுத்து, எதிரெதிர் மேஜையில உட்கார்ந்து வேலை செய்யறோம். கீழ ஒரு கஃபே. அங்க வெளிநாட்டுக்காரங்க கண்ணை மூடிட்டு அமைதியா உட்கார்ந்திருப்பாங்க. மேல நாங்க ரெண்டு பேரும் கத்திட்டு இருப்போம். ஒரு தடவை கஃபேக்காரர் படியேறி வந்து, "மேடம், கீழ தியானம் நடக்குது"ன்னார். "மேல வேலை நடக்குதுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். என் குரல் அப்படித்தான், என்ன செய்ய? எனக்குக் கோபமும் ஜாஸ்தி. அதை நானே சொல்லிட்டா மத்தவங்க சொல்ற வேலை மிச்சம்.

காசியம்மாள் அத்தைக்குன்னு நான் எழுதின ப்ரோக்ராம் பேரு 'பந்தி'. அவங்களுக்கு முன்னாடியே யாரோ ஒரு செல்போன் ஆப் செஞ்சு குடுத்திருந்தாங்க. அழகா பட்டனெல்லாம் வெச்சு. ஆனா அத்தை கை எந்நேரமும் ஈரம். மாவு, மஞ்சத்தூள், எண்ணெய், ஏதாவது ஒண்ணு விரல்ல இருக்கும். செல்போன் ஸ்க்ரீன் அவங்க விரலை மதிக்கவே இல்லை. பாயசத்தைத் தொட்டா பச்சடி வந்து நிக்கும். ஒரு நாள் போனைத் தூக்கி அரிசி மூட்டை மேல எறிஞ்சுட்டு, "எனக்கு அடிச்சா அடிவாங்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுடி"ன்னாங்க. அந்த நிமிஷமே எனக்கு அவங்களைப் பிடிச்சுப் போச்சு. பழைய லேப்டாப் ஒண்ணு எடுத்து, கீபோர்டுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டி, கருப்பு ஸ்க்ரீன்ல ஓடற மாதிரி செஞ்சு குடுத்தேன்.

ஒரே வரிதான். முதல்ல 'பந்தி'ன்னு அடிக்கணும். அப்புறம் இன்னா வேணுமோ அதுக்கு முன்னாடி இரட்டைக்கோடு போட்டு அடிக்கணும். எல்லாம் தமிழ்லயே.

பந்தி --இலை 300 --பாயசம் பருப்பு --நாள் வெள்ளி

எண்டர் தட்டினா போதும். மண்டிக்குக் காய்கறிச் சீட்டு, கடைக்கு மளிகைச் சீட்டு ரெண்டும் வாட்ஸப்புல போயிடும். சமையல்காரர் வேணு அண்ணனுக்கு ஒரு சீட்டு பிரிண்டர்லருந்து வந்து விழும். இரட்டைக்கோடு போட்டுச் சொல்றதுக்குப் பேரு ஆப்ஷன். ப்ரோக்ராம் அந்த வரியைத் துண்டு துண்டா வெட்டி, எது ஆப்ஷன், எது அதுக்கான விவரம்னு பிரிச்சுப் புரிஞ்சுக்கும். அத்தைக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "ஆளுங்கக்கிட்ட சொல்ற மாதிரியே இருக்குது. ஆனா எதிர்த்துப் பேச மாட்டேங்குது"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தாங்க.

கோயில் ஊர்ல வெங்காயம், பூண்டு போடாத ஆர்டர் நிறைய வரும். ஹோமம், மடத்துல அன்னதானம், அமாவாசைச் சாப்பாடு இப்படி. அதுக்காக ரெண்டு ஆப்ஷன் வெச்சேன். --வெங்காயம்-இல்லை, --பூண்டு-இல்லை. அதை அத்தைக்குச் சொல்லிக் குடுத்தன்னிக்கு அவங்க மூஞ்சி ஒரு மாதிரி போச்சு.

"இன்னாடி இது, அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடியே இல்லை இல்லைன்னு எழுதச் சொல்றே?"

அத்தை சமையக்கட்டுல 'இல்லை'ங்கற வார்த்தையே கிடையாது. உப்பு தீர்ந்துட்டா "உப்பு நிறைய இருக்கு"ம்பாங்க. புதுசா வேலைக்கு வந்தவங்க டப்பாவைத் திறந்து பார்த்துட்டு முழிப்பாங்க. அடுப்பை அணைன்னு சொல்ல மாட்டாங்க, அமர்த்துன்னு சொல்லுவாங்க. நாலு பேர் வயிறு நிறையற இடத்துல அந்த மாதிரி வார்த்தை வாயில வரக் கூடாதாம். நான் சிரிச்சுட்டு, "அத்தை, மெஷினுக்கு நல்ல வார்த்தை கெட்ட வார்த்தை தெரியாது, அடிங்க"ன்னு சொன்னேன். அவங்களும் "சரி"ன்னாங்க. அடிக்கறாங்கன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்.

அவங்க அடிக்கலை. --வெங்காயம்னு அடிச்சுட்டு அங்கேயே நிறுத்திட்டாங்க. --பூண்டுன்னு அடிச்சுட்டு நிறுத்திட்டாங்க. பாழாய்ப் போன 'இல்லை'யை அடிக்கவே இல்லை. இதெல்லாம் எனக்கு அப்புறமாதான் தெரியும், ஆனா உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், இல்லைன்னா நடுவுல குழம்பிப் போயிடுவீங்க.

அப்படிப் பாதியில நிறுத்தினா தப்புன்னு சொல்லணும்ல? சொல்லலை. இந்த ஆப்ஷன் பிரிக்கிற வேலைக்கு நான் ஒரு ரெடிமேட் சாமானைத்தான் எடுத்துப் போட்டிருந்தேன். அதுக்கு ஒரு குணம் உண்டு. பேரை முழுசா அடிக்கலைன்னாலும், அடிச்ச வரைக்கும் ஒரே ஒரு ஆப்ஷனோட பொருந்திச்சுன்னா, இதைத்தான் சொல்றாங்கன்னு அதுவே எடுத்துக்கும். வெங்காயம்னு ஆரம்பிக்கிற ஆப்ஷன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதனால அத்தை --வெங்காயம்னு அடிச்சப்பல்லாம் வெங்காயம் இல்லாத சாப்பாடு ஒழுங்கா வந்துச்சு. மெஷினு நம்ம வழக்கத்தைப் புரிஞ்சுக்கிச்சுன்னு அத்தை நினைச்சுக்கிட்டாங்க. ஒரு குறையும் வரலை.

குறை வெச்சது நான்தான். வேணு அண்ணன் ஒரு நாள் ரூமுக்கு வந்தார். "ரிசப்ஷன்ல வெஜ் பிரியாணி வெக்கறாங்கம்மா. பச்சடிக்கும் தாளிக்கறதுக்கும் வெங்காயம் ரெண்டு பங்கு வேணும். உன் சீட்டு கம்மியா அனுப்புது"ன்னார். நியாயம்தான். உடனே உட்கார்ந்து ஒரு புது ஆப்ஷன் சேர்த்தேன். அதைப் போட்டா வெங்காயம் ரெண்டு மடங்கு. பேரு --வெங்காயம்.

எதிர் மேஜையிலருந்து மாறன் எட்டிப் பார்த்தான். "பேரை நீட்டி வை. --வெங்காயம்-ஜாஸ்தின்னு வை. பின்னாடி குழப்பம் வரும்."

"யாரு அவ்வளவு நீளம் அடிக்கறது? உங்கம்மாவா? ஈரக் கையோடயா?"

"அதுக்கில்லை, த்ரிசலா..."

"மாறா, உன் ப்ரோக்ராமுக்கு நீ பேர் வை. என் ப்ரோக்ராமுக்கு நான் வெச்சுக்கறேன்."

கீழ யாரோ தியானத்துலருந்து இருமினாங்க. மாறன் ஹெட்போன் மாட்டிக்கிட்டான். அவன் சொன்ன மாதிரி வெச்சிருந்தா, --வெங்காயம்னு மொட்டையா அடிக்கும்போது ப்ரோக்ராம் "இருக்கறது ரெண்டு, எதைச் சொல்றீங்க?"ன்னு கேட்டு நின்னிருக்கும். நான் வெச்ச மாதிரி வெச்சா கேக்காது. முழுப் பேரோட ஒரு ஆப்ஷன் இருந்தா அதுக்குத்தான் முதல் மரியாதை. வேணு அண்ணன்கிட்ட "சேர்த்துட்டேன்"னு சொன்னேன். அத்தைகிட்ட, ரிசப்ஷன் ஆர்டர் வரும்போது சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

ரிசப்ஷன் ஆர்டர் வரலை. எங்கப்பா வந்தார்.

தை மாசம், ஞாயித்துக்கிழமை. அப்பா மத்தியானம் வர்றதா பேச்சு. சம்பந்தி வீட்டு முதல் சாப்பாடுன்னு அத்தை முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து சீட்டு போட்டுட்டாங்க. வேணு அண்ணன்கிட்ட, "நம்ம மாறன் காரியம். எல்லாம் சீட்டுல போட்டிருக்கேன். பார்த்து, சுத்தமா செய்யி"ன்னு சொல்லிட்டு, காலையில அண்ணாமலையாருக்கு அர்ச்சனை பண்ண கோயிலுக்குப் போயிட்டாங்க. வாயால ஒரு வார்த்தை வெங்காயம் வேணாம்னு சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். வாயால சொன்னா ஆளுக்கொண்ணா புரிஞ்சுக்கறாங்க, இனிமே சீட்டுல இருக்கறதுதான் சட்டம்னு அந்த வீட்டுல சட்டம் போட்டதே நான்தானே!

நானும் மாறனும் பே கோபுரத் தெரு பக்கம் வண்டியைத் திருப்பும்போதே வாசனை வந்துச்சு. பெரிய வாணலியில வெங்காயம் பொன்னிறமா வதங்கற வாசனை. பக்கத்து வீட்டுல யாரோ நல்லா சமைக்கறாங்கன்னு நினைச்சேன். அத்தை வீட்டு கேட்டைத் திறந்ததும் அது பக்கத்து வீடு இல்லைன்னு தெரிஞ்சு போச்சு.

பின்பக்கம் ஷீட் போட்ட கொட்டகையில வேணு அண்ணன் கண்ணெல்லாம் செவந்து, சந்தோஷமா கரண்டியைச் சுத்திட்டு இருந்தார்.

"வாம்மா வாம்மா! அப்பா வந்துட்டாரா?"

"அண்ணே, இன்னா அண்ணே இது?"

"வெங்காயம்."

"அது தெரியுது! ஏன் போட்டீங்க?"

"சீட்டுல ரெண்டு மடங்குன்னு இருந்துச்சும்மா. பூண்டு கூடாதுன்னும் இருந்துச்சு. வெங்காயத்துல அவ்வளவு ஆசை, பூண்டு மட்டும் ஆகாது, வினோதமான மனுஷருதான்னு நினைச்சேன். ஆனா காசியம்மா சீட்டுக்கு நான் மறுபேச்சு பேசறது கிடையாது."

சாம்பார்ல சின்ன வெங்காயம். பொரியல்ல வெங்காயம். கூட்டுல வெங்காயம். வடையில வெங்காயம். பச்சடின்னா அது வெங்காயம்தான். வந்த சரக்கு வீணாகக் கூடாதுன்னு ரசத்தைக்கூட வெங்காயம் போட்டுத் தாளிச்சிருந்தார்.

"பாயசத்துல?"

"சே சே, பாயசத்துல யாராவது போடுவாங்களா? முந்திரி வறுக்க மட்டும் இந்த வாணலி."

லேப்டாப்பைத் திறந்தேன். கடைசியா அடிச்ச வரி அப்படியே இருந்துச்சு. பந்தி --இலை 20 --வெங்காயம் --பூண்டு --நாள் ஞாயிறு. அதுக்கு மேல, நான் மாத்தறதுக்கு முந்தின வரிகளைப் பார்த்தேன். ஹோமச் சாப்பாடு, --வெங்காயம் --பூண்டு. மடத்து ஆர்டர், --வெங்காயம் --பூண்டு. ஒரு இடத்துலகூட 'இல்லை' இல்லை. பூண்டு இன்னும் பழைய வழியிலயே போய் ஒழுங்கா தடை ஆகியிருக்கு. வெங்காயத்துக்கு நான் புதுசா கதவைத் திறந்து வெச்சிருக்கேன். எனக்கு எல்லாம் ஒரே நொடியில விளங்கிடுச்சு.

பின்னாடி மாறன் மூச்சை இழுத்தான். "நான் அப்பவே..."

"மாறா, அந்த வாக்கியத்தை முடிச்சே, இந்த சாம்பாரை உன் தலையில கவுத்துடுவேன்."

அவன் முடிக்கலை. அவனைக் கட்டிக்கணும்னு தோணறது இந்த மாதிரி நேரத்துலதான். ஆனா கட்டி வைக்க வேண்டிய ஆளு வந்துட்டு இருக்காரே!

அத்தை அர்ச்சனைத் தட்டோட உள்ள வந்தாங்க. ஞாயித்துக்கிழமைக் கூட்டம், வரிசையிலயே நேரம் போயிடுச்சாம். நெத்தி நிறைய விபூதி. கொட்டகை வாசல்ல நின்னு ஒரு தடவை மூச்சை இழுத்தாங்க. தட்டு கையிலயே நின்னுச்சு. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இத்தினி நாளா புரிஞ்சுக்கிச்சேடி உன் மெஷினு?"

"நான்தான் மாத்தினேன் அத்தை. உங்ககிட்ட சொல்லலை."

"சரி, உட்டுடு. நேரம் இருக்குது. மாறா, ஓடிப்போய்ப் புதுப் பாத்திரம்..."

அவங்க முடிக்கறதுக்குள்ள என் போன் அடிச்சுது. அப்பா. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குத் திரும்பணுமேன்னு சீக்கிரமா பஸ் ஏறிட்டாராம். பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோவுல உட்கார்ந்தாச்சு, வந்துட்டே இருக்கேன்னார்.

அப்புறம் நடந்ததை அப்படியே சொல்லிடறேன். வேணு அண்ணன்தான் ஆரம்பிச்சார். "வெள்ளைச் சாதம் இருக்கு. தயிர் இருக்கு. பாயசம் இருக்கு. இந்த மூணுலயும் கண்ணுக்குத் தெரியற வெங்காயம் கிடையாது. சாதத்தைக் கிளறினது அதே கரண்டிதான், ஆனா அது யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கு உயிர் திரும்பி வந்துச்சு. "ஆமா அத்தை! அதைப் போட்டுடலாம். அப்பாவுக்குன்னு தனியா பண்ணதுன்னு சொல்லிடலாம். வாசனைக்கு, ஆளுங்களுக்கு வேற சமையல் நடக்குதுன்னு சொல்லிக்கலாம். ஒரே ஒரு வேளை அத்தை! என் வாழ்க்கை இதுல இருக்கு அத்தை!"

"கத்தாதேடி."

"கத்தாம எப்படி இருப்பேன்? அவருக்குத் தெரியவா போகுது?"

அத்தை தட்டைக் கீழ வெச்சாங்க. "தெரியாதுதான். ஆனா இலை முன்னாடி நின்னுட்டு பொய் சொன்னேன்னு வை, அப்புறம் நான் எந்தப் பந்தியில போய்ப் பரிமாறுவேன்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. இந்த அம்மாவுக்கு என் கல்யாணத்தைவிட கரண்டிதான் பெருசான்னு மனசுக்குள்ள திட்டினேன். வெளியவும் கொஞ்சம் வந்திருக்கும். அதுக்குள்ள வாசல்ல செருப்பு கழட்டற சத்தம் கேட்டுச்சு. ஆட்டோ தெருமுனையிலயே நின்னுட்டதால நடந்து வந்தாராம். வெள்ளை வேட்டி, கையில மஞ்சப்பை. அதுக்குள்ள சம்பந்திக்குன்னு எங்க நிலத்து மல்லாட்டை.

"வாங்கண்ணா, உட்காருங்க"ன்னு அத்தை கூடத்துல நாற்காலி போட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. அப்பா பஸ்ஸுல கூட்டம் கம்மின்னார். வெயில் இன்னும் ஏறலைன்னார். வீடு முழுக்க அந்த வாசனை. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. நான் சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னேன். மாறன் எனக்குப் பக்கத்துல, மூச்சு விடறானான்னே தெரியலை.

அப்பா சொம்பைக் கீழ வெச்சுட்டு அத்தையைப் பார்த்தார். "சாப்பாடு தயாருங்களாம்மா?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டாங்க. வாயைத் திறந்தாங்க, மூடினாங்க. அப்புறம் சொன்னாங்க.

"உங்களுக்குப் போட இந்த வீட்டுல இப்ப ஒண்ணும் இல்லீங்கண்ணா."

மாறன் திடுக்குனு நிமிர்ந்தான். பொறந்ததுலருந்து அந்த வாயில அந்த வார்த்தையைக் கேக்காதவன் அவன்.

"எல்லாத்துலயும் வெங்காயம் விழுந்துடுச்சு. சாதமும் தயிரும் இருக்குது, ஆனா அதே கரண்டி, அதே கை. வீடு தேடி வந்தவங்களை வெறும் தண்ணியோட உட்கார வெச்சிருக்கேன். எனக்கு எவ்வளவு அவமானமா இருக்குதுன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியலை. ஆனா தெரிஞ்சே உங்க இலையில அதைப் போட என்னால ஆகாது."

அப்பா எழுந்தார். துண்டை உதறினார். போச்சு, கிளம்பிட்டார், எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். "அப்பா!"ன்னு கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கலை. "ஏம்மா, பின்னாடி கிணத்தடி இருக்குதா? மூணு கல்லு, ஒரு புதுப்பானை, கொஞ்சம் விறகு கிடைச்சா போதும். பச்சரிசி, பாசிப்பருப்பு இருக்குதுங்களா?"

"நிறைய இருக்குங்கண்ணா!"

எனக்குப் பகீர்னு ஆச்சு. இந்த வீட்டுல 'நிறைய'ன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியுமே! ஓடிப்போய் மூட்டையைத் திறந்து பார்த்தேன். நிஜமாவே நிறைய இருந்துச்சு.

மாறன் வண்டியை எடுத்துட்டுப் போய் கோயில் தெருவுல பானையும் புதுக் கரண்டியும் வாங்கிட்டு வந்தான். அத்தை குளிச்சு, வேற புடவை கட்டிக்கிட்டு வந்து, கிணத்தடியில அடுப்பு மூட்டினாங்க. வேணு அண்ணனைப் பக்கத்துலயே விடலை. அரிசி, பருப்பு, மிளகு, நெய், அவ்வளவுதான். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுட்டு அடுப்புக்கு எதிர்ல உட்கார்ந்துட்டார். ரெண்டு பேரும் இந்த வருஷம் மல்லாட்டை விளைச்சல், மண்டி நிலவரம்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. எங்க ரெண்டு பேரைப் பத்தி ஒரு பேச்சு கிடையாது.

இலையில பொங்கல் விழுந்துச்சு. அப்பா ஒரு வாய் வெச்சார். இன்னொரு வாய் வெச்சார். அப்புறம் இலையைப் பார்த்துக்கிட்டே பேசினார்.

"கல்யாணம் காட்சின்னு எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேம்மா. உங்களுக்குன்னு தனியா பண்ணதுங்க நயினார்னு சொல்லாத வீடு கிடையாது. பாதி வீட்டுல அது பொய். வாயில வெச்சதும் தெரிஞ்சுடும். துப்பினா அவங்க மனசு நோகும். அதனால முழுங்கிட்டு, நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துடுவேன். வந்து மறுநாள் பூரா பட்டினி கிடப்பேன். இவ அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்குத் தெரியாது. வயிறு சரியில்லை, வயிறு சரியில்லைன்னு அவர் படுத்துக்கிட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நான் சீரகக் கஷாயம் வெச்சுக் குடுக்கட்டுமான்னு கேப்பேன், வேணாம்பார். இன்னிக்கும் அப்படித்தான் முழுங்கியிருப்பார். வெளி ஆளு யாரும் இல்லை, பெத்த பொண்ணு நானே பக்கத்துல நின்னு, தனியா பண்ணதுப்பான்னு சொல்லி முழுங்க வெச்சிருப்பேன். கிணத்தடின்னும் பார்க்காம அப்படியே அவர் காலடியில உட்கார்ந்துட்டேன்.

"அப்பா, அந்தச் சாதத்தையும் தயிரையும் போட்டு உங்களை ஏமாத்திடலாம்னு சொன்னது நான்தாம்ப்பா. அத்தைதான் கூடாதுன்னாங்க."

"தெரியும்."

"எப்படி?"

"தெருமுனையில ஆட்டோவுக்குக் காசு குடுக்கும்போதே கேட்டுச்சு. உன் குரல் என்னிக்கு மெதுவா வந்திருக்கு?" அப்பா இலையை அத்தை பக்கம் லேசா நகர்த்தினார், அவங்க இன்னொரு கரண்டி போட்டாங்க. "எல்லாத்தையும் கேட்டுட்டுதான் உள்ள வந்து, சாப்பாடு தயாரான்னு கேட்டேன்."

அவர் போட்டதைச் சாப்பிட்டு முடிச்சுட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"தேதி பாருங்கம்மா. இவளை உங்ககிட்டதான் விடணும்."